ஆறாவது பாட்டைக் கேட்ட பிறகு

ஜெரோம் ஐயா,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி, காயத்ரியிடம் காட்டாதே என்றுதான் முதலில் எழுதினேன். நாலு வரி எழுதியதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் மறைத்து மறைத்து வைத்ததால்தான் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதனால் நீ படித்து முடித்ததும் அவளிடமும் கொடு. அவளுக்கு இப்போது ஏழு மாதம். இந்த நேரத்தில் மனதை உலுக்கும் விஷயங்களைச் சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் அவள் தன் வாயால் பாடிய ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அவளிடமிருந்து இனி எதை ஒளிப்பது? ஃபோனில் பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இந்த வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போன மாதம் நீங்கள் இருவரும் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்துவிட்டுப் பெட்டாலிங் ஜெயாவுக்குக் கிளம்பும்போது, பையிலிருந்து அந்தப் பாட்டுத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாய். கறுப்பு அட்டை. தண்ணீருக்குள் நிற்கும் ஒரு பெண், அவள் கூந்தல் மேலே மிதக்கிறது. “மா, இப்பல்லாம் யாரும் சிடி வாங்கறது இல்ல. உங்களுக்காகத்தான் ஒன்னு எடுத்து வச்சேன். அப்பா காடியில இன்னும் பிளேயர் இருக்குல்ல?” என்றாய். இது என்ன மாதிரி பாட்டு என்று கேட்டேன். “சிம்ஃபொனிக் மெட்டல். கோயில் கோரஸ் மாதிரி வரும், வயலின்லாம் வரும். நம்ம சத்தமும் இருக்கும். பாடறது காயு. புடிக்கலன்னா நிப்பாட்டிடுங்க லா, எல்லாத்தையும் கேக்கணும்னு இல்ல.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. கூச்சப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கூச்சத்துக்கு நானே காரணம் என்றும் நினைத்தேன். உனக்குப் பதினைந்து வயதில் நாம் பாகான் டாலாமில் இருந்தபோது, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடப்பாய். கட்டில் அடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இந்த மாதிரிப் பாட்டுத் தட்டுகள். ஜெபக் கூட்டத்துக்கு வந்த ஒருவர் அட்டைப் படங்களைப் பார்த்துவிட்டு, இது சாத்தானுடைய இசை, பிள்ளையைக் கெடுத்துவிடும் என்றார். நீ “மா, ஒரே ஒரு பாட்டு கேளுங்க, அப்பறம் சொல்லுங்க” என்று ஹெட்ஃபோனைக் கழற்றி என் பக்கம் நீட்டினாய். நான் வாங்கவில்லை. மறுநாள் நீ பள்ளிக்கூடம் போன நேரத்தில் பெட்டியோடு தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் உடைத்துப் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீ திரும்பி வந்து கட்டில் அடியில் குனிந்து பார்த்தாய், எழுந்தாய், ஒன்றுமே கேட்கவில்லை. நீ கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்று நான் கேட்க மறுத்த அந்த ஒரு பாட்டு எனக்குள் ஒரு கல்லாகக் கிடந்தது. அதனால் இந்தத் தட்டை முழுசாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் உன் அப்பாவுக்கு முழங்கால் வலி. நானே காரை எடுத்துக்கொண்டு பசாருக்குப் போய், கெம்போங் மீன் ஒரு கிலோ, கொஞ்சம் கீரை வாங்கிக்கொண்டு வந்து, கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து தட்டைப் போட்டேன். முதலில் வயலின்கள். பிறகு பல பேர் சேர்ந்து, லத்தீன் மாதிரி இருந்தது, பெரிய பூசையில் பாடுவதுபோல் பாடினார்கள். பரவாயில்லையே என்று சீட்டில் சாய்ந்தேன். அந்த நிமிடம் உன் கித்தாரும் டிரம்மும் ஒன்றாக விழுந்தன. தகரக் கூரைமேல் திடீரென்று மழை கொட்டுவதுபோல் இருந்தது. என் கை தானாகப் போய் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டது. கார் அமைதியானதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டு நிமிடம்கூடக் கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

அப்போதுதான் காயத்ரியின் குரல் வந்தது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரசம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதைக்கூட வாய்க்குள்ளேயே கேட்கிற பெண். புக்கிட் மெர்தாஜாமில் சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படித்தவள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார், ஆனால் நம் முன்னால் ஒரு வரிகூடப் பாடியதில்லை. அத்தனை சத்தத்துக்கும் நடுவில் அவள் குரல் அவசரமே இல்லாமல், ஓர் ஆள் மாடிப்படி ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போனது. கித்தார் அவளை அமுக்கவில்லை. அவள் அதன்மேல் நின்றுகொண்டுதான் பாடினாள். இதைத்தான் நீ அன்றைக்கு எனக்குக் காட்ட நினைத்தாய்போல. ஐந்தாவது பாட்டு வந்தபோது நானே சத்தத்தைக் கூட்டி வைத்தேன், நம்புவாயா?

ஆறாவது பாட்டு மெதுவாகத் தொடங்கியது. அடியில் ஓர் எஞ்சின் அதிர்வு. தூரத்தில் ஒரு மணி. ஆங்கில வார்த்தைகள் பிடிபடாததால் உள்ளேயிருந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் பாடப் பாட விரலை வைத்துப் படித்தேன். ‘நான்’ என்று பாடுகிறாள். நான் கார்க் கதவைத் திறக்கிறேன். செருப்பைக் கழற்றிக் காரிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இரும்புத் தரையில் நடக்கிறேன். முன்னால் ஒரு சங்கிலி, அதற்கு அப்பால் சாம்பல் நிறத் தண்ணீர். வெறுங்கால் என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை ஐயா. எனக்கே மறந்துபோயிருந்தது.

பிறகு அவள் குரலை மெலிதாக்கிக்கொண்டு ஒரு பிள்ளையாகப் பாடுகிறாள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை கையால் அடித்து அடித்துக் கூப்பிடுகிறது. எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் வெளியே போகவில்லை. அம்மா திரும்பி வருவதைப் பார்த்ததும் பிள்ளை அவசரமாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறது, தான் பார்த்தது அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று. அதற்குமேல் எல்லா வாத்தியங்களும் சேர்ந்துகொள்கின்றன, அந்தப் பூசைக் குரல்களும் வருகின்றன, ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: யாருக்கும் கேட்கவில்லை. பதினோரு நிமிடப் பாட்டு. மூன்று தடவை கேட்டேன். பக்கத்துக் காருக்குச் சாமான் ஏற்ற வந்த ஒரு சீனப் பெண் கண்ணாடியைத் தட்டி, “ஆண்ட்டி, ஓகேயா?” என்று கேட்டாள். அப்போதுதான் மணி பதினொன்றரை என்று தெரிந்தது.

“மீன் நாறுது. எங்க போயிட்ட இவ்ளோ நேரம்?” என்றார் உன் அப்பா. நான் மீனைக் குப்பையில் போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக் கீழே காருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முதல் பாட்டைப் போட்டேன். காது மந்தமான மனுஷன், முகம் மலர்ந்துவிட்டது. “நல்லா இருக்கே லா! எங்க பிரஸ் மெஷின் மாதிரி டக்கு டக்குன்னு ஒரே அளவா விழுது பாரு,” என்றார். மாக் மண்டின் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்ற காது அது. பிறகு ஆறாவதைப் போட்டு, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். சொல்லி முடித்து, “இது நாந்தாங்க,” என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “பால் மாவு வாங்கப் போறேன்னு போயிட்டு வெறுங்கையோட வந்தியே, அன்னைக்கா?”

“ஆமாங்க.”

“நான் ஏசினேன்ல?”

“ஏசினீங்க.”

ஏழாவது பாட்டு முடிந்து எட்டாவதும் பாதி போயிருந்தது. அவர் துணியை எடுத்து, தூசியே இல்லாத ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நான் டபுள் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து செத்தவன் மாதிரி தூங்குவேன். நீ பக்கத்துல முழிச்சிக்கிட்டேவா கெடந்த?”

“ஆமாங்க.”

“என்னை எழுப்பியிருக்கலாமே.”

“எழுப்பி என்னங்க சொல்றது?”

அவர் துணியை மடித்து வைத்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: “அப்ப அவன் தூங்கலையா? ஆறு வயசுப் பிள்ளை… அவன் பாத்துட்டானா?”

மறுநாள் காயத்ரியை ஃபோனில் கூப்பிட்டேன். “அத்தை, கேட்டீங்களா? எப்படி இருந்துச்சி?” என்று சின்னப் பிள்ளைபோல் கேட்டாள். நீ இவ்வளவு பெரிய பாடகி என்று தெரியாமல் உன்னை வெங்காயம் உரிக்க வைத்துவிட்டேனே என்றதும் சிரித்தாள். பிறகு, ஆறாவது பாட்டை யார் எழுதியது என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “ஜெரோம்தான் அத்தை. மத்ததெல்லாம் நாங்க சேர்ந்துதான் எழுதினோம். இத மட்டும் அவரே முடிச்சிக் கொண்டாந்தாரு. ரெக்கார்டிங்ல நான் பாட ஆரம்பிச்சதும் எழுந்து வெளிய போயிட்டாரு, முடியிற வரைக்கும் உள்ள வரல. என்னான்னு கேட்டா, சும்மா கற்பனைன்னாரு.”

“நீ நம்பினியா?”

“இல்ல. ஆனா மேல கேக்கப் பயமா இருந்துச்சி.” அவளே தொடர்ந்தாள். “அத்தை, நான் பாத்ரூம்ல கொஞ்சம் லேட்டானாலும் கதவத் தட்டறாரு. ஆபீஸ்லேர்ந்து பத்து தடவ ஃபோன். எடுக்கலன்னா வேலைய விட்டுட்டு வீட்டுக்கே வந்துடறாரு. வயித்துல இருக்கிற பிள்ளைக்காகன்னு நெனச்சேன். பிள்ளைக்காக இல்லன்னு இப்பதான் தோணுது.” அவள் குற்றமாகச் சொல்லவில்லை, அதைத் தெரிந்துகொள். களைத்துப்போய்ச் சொன்னாள். பாத்ரூம் கதவு என்றதும் நான் ஃபோனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்று பிறகு சொல்கிறேன். முதலில் அன்றைக்கு நடந்ததை, என் பக்கத்திலிருந்து, முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் தங்கை ஷெரின் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உன்னைப் பெற்றபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் இரண்டாவது பிள்ளைக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவள் அழுதால் பக்கத்து வீட்டில் யாரோ அழுவதுபோல் இருக்கும். எழுந்து போய்த் தூக்குவேன், பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன், எல்லாம் யாருடைய கையோ செய்வதுபோல் நடக்கும். தூக்கமே கிடையாது. குளிக்கப் போனால் வாளியில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் அக்காவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். “பிள்ளை பெத்தவளுங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், நீ ரொம்ப யோசிக்காதே,” என்றாள். ஜெபக் கூட்டத்தில் இன்னும் நன்றாக ஜெபம் செய்யச் சொன்னார்கள். நான் செய்தேன். நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டும் நல்ல கைகளில் வளரும் என்று தோன்ற ஆரம்பித்தது. அது எனக்குத் துக்கமாகவே படவில்லை, ஒரு நல்ல யோசனையாகப் பட்டது. அதுதான் அதில் பயங்கரம்.

அன்று ஷெரினைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பால் மாவு வாங்கி வருகிறேன் என்று சொல்லி, உன்னைப் பாலர் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டேன். கடைக்குப் போகாமல் நேராகத் தீவுக்குப் போகும் ஃபெரிக்குள் காரை விட்டேன். அப்போது ஃபெரியில் கார்களும் ஏறும், உனக்கு நினைவிருக்கும். “மா, எங்க போறோம்?” என்றாய். குளுகுளுவென்று செண்டோல் சாப்பிட என்றேன். நீ பின்சீட்டில் படுத்துக்கொண்டாய். ஃபெரி நகர்ந்ததும் நான் இறங்கினேன், சங்கிலிவரைக்கும் நடந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன்னைப் பற்றியோ ஷெரினைப் பற்றியோ நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் பொய் எழுத மாட்டேன். ஒன்றுமே நினைக்கவில்லை.

யாரோ என் பக்கத்தில் வந்து நின்றார். ஃபெரியில் வேலை செய்யும் மலாய்க்காரர், வயதானவர், கையில் கயிறு. என்னைத் தொடவில்லை, அதட்டவில்லை. “காக், அனாக் பங்கில் து,” என்றார். அக்கா, உங்க பிள்ளை கூப்பிடுது. நான் திரும்பினேன். பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் இல்லை ஐயா, பெரிய பாசம் எதுவும் பொங்கி வரவில்லை. பாலர் பள்ளியிலிருந்து நேராகக் கூட்டி வந்துவிட்டோமே, கால்சட்டையை நனைத்துக்கொள்வானே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். வந்து பார்த்தால் நீ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். சரி, அந்த மனுஷன் என்னை அங்கிருந்து நகர்த்தச் சொன்ன பொய் அது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருக்காக ஜெபிக்கும்போதெல்லாம், அந்த நல்ல பொய்க்காக நன்றி சொல்லியிருக்கிறேன்.

அவர் பொய் சொல்லவில்லை. நீ கூப்பிட்டிருக்கிறாய். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டது. யாருக்கும் கேட்கவில்லை என்று நீ பாட்டில் எழுதியிருக்கிறாயே, அது தப்பு. உனக்கு அது தெரிய வழியில்லை, எனக்கும் போன செவ்வாய்க்கிழமைவரை தெரியாது. நீ கூப்பிட்டதால்தான் நான் திரும்பினேன். அந்த வரியை இனி மாற்ற முடியாது, தட்டு வெளிவந்துவிட்டது. காயத்ரியும் அதை எவ்வளவோ அழகாகப் பாடியிருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் நடந்தது என்ன என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபெரியை விட்டு இறங்கினோம். நான் ஊரைச் சுற்றி எங்கெங்கோ ஓட்டிவிட்டு, செண்டோலும் வாங்கித் தராமல் உன்னைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ செண்டோல் எங்கே என்று கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை கேட்காமல் இருக்குமா? அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஷெரினுக்கு ஊசி போடக் கிளினிக் போனேன். அங்கே ஒரு தமிழ் டாக்டர், இளம் பெண். பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். “அக்கா, உங்களுக்குச் செத்துப் போயிடணும்னு தோணுதா?” என்று கேட்டார். பால் எத்தனை தடவை கொடுக்கிறீர்கள் என்று கேட்பதுபோல், அவ்வளவு சாதாரணமாக. அதுவரைக்கும் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதுமே என் மார்புக்குள் காற்று போனது. இது ஒரு நோய், பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வரும், மருந்து இருக்கிறது என்றார். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன், மாதா மாதம் அவரிடம் போய்ப் பேசினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஷெரினுடைய அழுகை நம் வீட்டுக்குள்ளிருந்து வர ஆரம்பித்தது. உன் அப்பாவிடம் வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை என்று சொன்னேன். எல்லாம் சரியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

இப்போது பாத்ரூம் கதவு விஷயம். அந்த வருஷம் முழுக்க நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாய். சமையலறையில் நின்றால் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாய். நான் குளித்தால் கதவுக்கு வெளியே நின்று, “மா… மா…” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய், நான் பதில் சொல்லும்வரை. ஒரு நாள் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து உன்னை ஓங்கி அறைந்தேன். “ஏண்டா எப்பப் பார்த்தாலும் பின்னாலேயே நிக்கிற?” என்று கத்தினேன். நீ அழவில்லை. என்னைப் பார்த்தாய், சரியாக இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல். நான் நன்றாகிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் உனக்கு யார் சொன்னார்கள்? மருந்து எனக்குக் கொடுத்தார்கள், பயம் உன்னிடமே தங்கிவிட்டது. பள்ளிக்கூட முகாமுக்குப் போக மறுத்தாய். கடல் தாண்டி சபா மாநிலத்தில் கிடைத்த பல்கலைக்கழக இடத்தை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து போய்வரும்படி படித்தாய். அம்மா செல்லம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். நீ இத்தனை வருஷம் காவல் நின்றிருக்கிறாய். உன்னை அடித்ததற்கு நான் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். நேரிலும் கேட்பேன்.

இப்போது நீ காயத்ரிக்குக் காவல் நிற்கிறாய். ஷெரின் பிறந்த பிறகு எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்குமோ என்று பயப்படுகிறாய், சரிதானே? நானும் பயப்படுகிறேன். பிள்ளைப்பேற்றுக்கு அவள் புக்கிட் மெர்தாஜாமுக்குத் தன் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள், நீ அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு என்னென்ன நினைப்பாயோ என்று அதுவும் எனக்குக் கவலை. நடக்காது என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. பெரும்பாலும் நடக்காது, நடந்தாலும் வழி இருக்கிறது, இதை மட்டும் சொல்ல முடியும். ஆனால் கதவைத் தட்டாதே ஐயா. தட்டினால் “நல்லா இருக்கேன்” என்றுதான் உள்ளேயிருந்து சத்தம் வரும், நானும் உன்னிடம் அப்படித்தான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த டாக்டர் கேட்டதுபோல், நேராகக் கேள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதே, எனக்கு அப்படி வரவில்லை, கேட்டதால்தான் போனது. அவள் ஆமாம் என்று சொன்னால் திகைத்து நிற்காதே, திட்டாதே, ஜெபத்தோடு விட்டுவிடாதே, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. இல்லை என்று சொன்னால் நம்பு. நம்பிவிட்டு வேலைக்குப் போ. அவள் குரலைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நான் கேட்டுவிட்டேன். அவ்வளவு சத்தத்துக்கு மேலே ஏறி நின்று பாடுகிறவளுக்கு, வாய் திறந்து சொல்ல ஓர் இடம் கொடுத்தால் போதும்.

அவளிடம் கேட்கச் சொல்லிவிட்டு, நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, நான் கேட்க விட்டதும் இல்லை. அதனால் கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். செத்துப் போக வேண்டும் என்று இப்போது தோன்றவில்லை. இது உண்மை. ஆனால் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இந்த வருஷம் இரண்டு முறை அந்தப் பழைய கனம் வந்தது. காலையில் எழுந்து பல் தேய்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. உன் அப்பா சமைத்து வைத்துவிட்டு, சளியா காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சளி என்று சொன்னேன். முதல் தடவை மூன்று வாரத்தில் போய்விட்டது. இரண்டாவது இன்னும் முழுசாகப் போகவில்லை. பசாரில் மூன்று தடவை அந்தப் பாட்டைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்ன அன்று, இதையும் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மேலே போய், கிளினிக்குக்கு ஃபோன் போட்டு, காது கேட்காததால் இரண்டு மூன்று தடவை “என்னா? என்னா?” என்று கத்தி, நாள் வாங்கிவிட்டார். வியாழக்கிழமை காலை ஒன்பதரை. அவரும் உள்ளே வருகிறாராம், டாக்டர் சொல்வதைத் தானும் கேட்க வேண்டுமாம். டாக்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்தால்தான் கேட்கும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். நீ உடனே லீவு போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். அன்று பதினோரு மணிக்கு வெளியே வந்ததும் நானே உன்னைக் கூப்பிடுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று நீ கேள், ஒன்று விடாமல் சொல்கிறேன்.

அம்மா